லியோன் ரஸ்ஸலின் 1970 ஆல்பம்: கார்டு சரியாக இருந்தும் காஸ்பல் சாயல் வராதது ஏன்?

அமெரிக்க ராக் பாடகரும் பியானோ கலைஞருமான ரஸ்ஸலின் இந்த ஆல்பப் பாடல்களைப் பியானோவில் வாசிக்கும்போது காஸ்பல் (தேவாலயப் பாடல் இசை) சாயல் வரவில்லை என்றால், நீங்கள் வாசிக்கும் கார்டுகளில் (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக் கூட்டங்களில்) பிழை இல்லை. ஒவ்வொரு மேஜர் (பளிச்சென்று ஒலிக்கும்) கார்டுக்குள்ளும் வலது கை அதன் நான்காம் கார்டுக்கு (சி என்றால் எஃப் கார்டுக்கு) ஒரு கணம் சென்று திரும்ப வேண்டும், அந்த அசைவுதான் உங்கள் வாசிப்பில் விடுபட்டிருக்கிறது.

இணையத்தில் கிடைக்கும் கார்டு தாள்கள் 'சி' என்று கார்டின் பெயரை மட்டும் எழுதிவிட்டு இந்த இடைநகர்வைப் பெரும்பாலும் விட்டுவிடுவதால், தாளை நம்பி வாசிப்பவர் கார்டை அசையாமல் பிடித்து வைத்துவிடுகிறார். அமெரிக்கத் தென்பகுதித் தேவாலயப் பியானோவில் கார்டு அப்படி ஓய்ந்து நிற்பது அரிது. ஓக்லஹோமாவில் பிறந்து டல்சாவில் வளர்ந்த ரஸ்ஸல் அந்த வழக்கத்தை அப்படியே ராக் இசைக்குள் கொண்டுவந்தார்.

சோதித்துப் பாருங்கள்:

1. இடது கையில் தாழ்ந்த சி கட்டையை மட்டும் பிடியுங்கள்.

2. வலது கையில் இ–ஜி–சி வாசித்து, மேல் சியை விடாமல் எஃப்–ஏ–சிக்குச் சென்று, அடுத்த தாளத் தட்டிலேயே இ–ஜி–சிக்குத் திரும்புங்கள். திரும்பும்போது இ ஃபிளாட் கறுப்புக் கட்டையிலிருந்து அதே விரலை இ மீது வழுக்கவிட்டால் சாயல் உடனே தெரியும். ஒலியை நீட்டிக்கும் பெடலிலிருந்து ஒவ்வொரு மாற்றத்திலும் காலை எடுத்துவிடுங்கள், இல்லையேல் எல்லாம் குழம்பிவிடும்.

அந்த ஆல்பத்தில் 'டெல்டா லேடி' போன்ற பாடல்களுக்கே இது பொருந்தும். அதிலுள்ள 'எ சாங் ஃபார் யூ' மைனரில் (சோகச் சாயலுள்ள சுர அமைப்பில்) மெதுவாக நகர்வது. அங்கே இதைத் திணித்தால் பாடல் கெட்டுவிடும். மேலும், அந்த ஆல்பத்தின் தேவாலய உணர்வில் கணிசமான பங்கு பின்னணிக் குரல்களுடையது என்பதால், தனிக் கீபோர்டில் முழுவதையும் எதிர்பார்க்க இயலாது.