நாலு வீட்டுக்கு ஒரு சமையல்: மிச்சமா, நஷ்டமா?

கேள்வி: நாங்கள் நான்கு குடும்பங்கள் சேர்ந்து திங்கள் முதல் வியாழன் வரை இரவுச் சாப்பாட்டைப் பகிர்ந்துகொள்கிறோம். ஒரு நாளைக்கு ஒரு வீடு சமைத்து, மற்ற மூன்று வீடுகளுக்கும் கொடுத்தனுப்ப வேண்டும். எங்கள் வீட்டில் 3 பேர். மற்ற வீடுகளில் 4, 5, 6 பேர். எங்கள் முறை வந்தால் மளிகைச் செலவு எகிறிவிடுகிறது. எல்லாரும் நெருங்கிய நண்பர்கள், பேசவே கூச்சமாக இருக்கிறது. உண்மையில் நாங்கள் மிச்சம் பிடிக்கிறோமா?

பதில்: கூச்சப்பட வேண்டாம், உங்கள் சந்தேகம் நியாயமானது. பணத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, முதலில் சாப்பாட்டை எண்ணிப் பார்ப்போம்.

நான்கு வீட்டிலும் சேர்த்து 18 பேர். உங்கள் முறையில் 18 சாப்பாடு சமைக்கிறீர்கள். ஆனால் 4 நாளில் உங்கள் வீட்டார் சாப்பிடுவது 12 தான். வாரத்துக்கு 6 சாப்பாடு உங்கள் கையிலிருந்து கூடுதலாகப் போகிறது. 4 பேர் வீட்டில் 16, 5 பேர் வீட்டில் 20, 6 பேர் வீட்டில் 24 சாப்பிடுகிறார்கள். கொடுப்பதோ எல்லாரும் 18 தான். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆளை எண்ணாமல் வீட்டை எண்ணி முறை வைத்ததால் வந்த வித்தியாசம் இது. சின்னக் குழந்தைகளை அரை ஆளாகக் கணக்கிட்டால் இந்த எண்கள் மாறும், அதை நீங்களே போட்டுப் பாருங்கள்.

சரி, 6 சாப்பாடு கூடுதலாகப் போவதாலேயே நஷ்டம் என்று சொல்லிவிடலாமா? முடியாது. இந்த ஏற்பாட்டுக்கு முன்னால் வாரத்தில் எத்தனை இரவு வெளியில் வாங்கினீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வெளிச் சாப்பாட்டின் விலையில் வாடகை, கூலி, லாபம் எல்லாம் சேர்ந்திருக்கும். வீட்டில் சமைக்கும்போது பொருளுக்கும் எரிபொருளுக்கும் மட்டும்தான் காசு. களைத்து வந்த ஒரு இரவு வெளியில் வாங்குவது நின்றாலே அந்த 6 சாப்பாட்டின் பொருள் செலவு ஈடாகிவிட வாய்ப்பு உண்டு. அதனால் மளிகை பில்லை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஏற்பாட்டுக்கு முந்தைய 4 வாரம், இப்போதைய 4 வாரம் இரண்டையும் எடுத்து, மளிகை, காய்கறி, எரிபொருள், வெளிச் சாப்பாடு எல்லாவற்றையும் கூட்டி ஒப்பிடுங்கள். விருந்தாளிகள் வந்த வாரங்கள் வேண்டாம். பெரிய பாத்திரம் வாங்கியிருந்தால் அதன் விலையை 12 மாதத்துக்குப் பங்கிட்டு ஒரு மாதப் பங்கை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாரத்தில் மூன்று இரவு அடுப்படியிலிருந்து விடுதலை கிடைக்கிறதே, அதையும் நான் ஒரு வரவாகவே பார்க்கிறேன்.

மிச்சம் வந்தாலும் முறையைத் திருத்துங்கள். மனத்தாங்கல் சேர்ந்துகொண்டே போனால் எவ்வளவு நல்ல ஏற்பாடும் நிற்காது. எனக்குப் பிடித்த வழி இது: வாரக் கணக்கை விட்டுவிட்டு, 18 இரவுகளை ஒரு சுற்றாக வையுங்கள். எந்த வீட்டில் எத்தனை பேரோ, அந்த வீடு அத்தனை முறை சமைக்கட்டும். நீங்கள் 3 முறை சமைத்தால் 54 சாப்பாடு கொடுக்கிறீர்கள். 18 இரவில் உங்கள் மூவரும் சாப்பிடுவதும் 54. மற்ற வீடுகளுக்கும் இப்படியே நேராகும். காசு கைமாறவே வேண்டாம்.

பெரிய குடும்பத்துக்கு அத்தனை முறை சமைக்க நேரம் இல்லை என்றால், பொதுப் பணம் ஒன்று வையுங்கள். தலைக்கு இவ்வளவு என்று எல்லாரும் போட, சமைப்பவர் பில்லைக் காட்டி எடுத்துக்கொள்ளலாம். எரிபொருளுக்கு ஒரு சிறு தொகையையும் சேர்க்க மறந்துவிடாதீர்கள், அது பில்லில் வராது. ஆனால் செலவுக்கு மேல் ஒரு காசும் வாங்க வேண்டாம். லாபம் வந்தால் அது உணவு வியாபாரம். உரிமம், வரி என்று வேறு கேள்விகள் வரும்.

அப்புறம், வீணாகும் உணவும் பணம்தான். சமைத்ததை 2 மணி நேரத்துக்குள் சாப்பிடவோ ஃபிரிட்ஜில் வைக்கவோ வேண்டும். கொண்டுபோகும் நேரமும் இதில் அடக்கம். ஒரு வீட்டார் ஊரில் இல்லை என்றால் முந்தைய நாளே சொல்லிவிட வேண்டும். முறை தவறினால் பணமாகக் கேட்காமல் வேறொரு நாளாக வாங்கிக்கொள்ளுங்கள்.

பேச்சை எப்படித் தொடங்குவது என்றுதான் தயங்குகிறீர்கள். உங்கள் மளிகை பில்லைப் பற்றிப் பேச வேண்டாம். 12, 16, 20, 24 என்று நான்கு எண்களையும் ஒரு தாளில் எழுதி, நால்வரும் சேர்ந்திருக்கும்போது நடுவில் வையுங்கள். 18 இரவுச் சுற்றை அதன் கீழேயே எழுதிவிடுங்கள்.