ரோமில் மூன்று தேவாலயங்கள்: எதற்கு எந்த நேரம்?

ஐயா, வணக்கம். முழங்கால் வலியுள்ள அம்மாவோடு புனித பேதுரு பேராலயம், சான் லூயிஜி, சாந்தா மரியா மஜோரே ஆகிய மூன்றையும் ஒரே நாளில், அதுவும் நீங்கள் குறித்திருக்கும் புதன்கிழமையிலேயே பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அந்த நாளை மாற்றுங்கள். புதன் காலையில் திருத்தந்தையின் (போப்பின்) பொதுச் சந்திப்பு நடந்தால் பேதுரு பேராலயத்தின் முன்னுள்ள சதுக்கம் முழுவதும் நிரம்பிவிடும். ஞாயிறு நண்பகலிலும் அவர் நடத்தும் மூவேளைச் செபத்துக்கு அப்படித்தான் கூடுவார்கள்.

வேறொரு நாளில் காலை 7 மணிக்கே பேதுரு பேராலயத்துக்குச் சென்றுவிடுங்கள். நுழைவு இலவசம், நேரத்தை விழுங்குவது பாதுகாப்புச் சோதனை வரிசைதான். நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து என் அம்மாவை அழைத்துச் சென்றபோது பத்து மணிக்குப் போய், அவரை வெயிலில் வெகுநேரம் நிற்க வைத்துவிட்டேன். அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை. தோட்டத்தில் பெரட்டுக்கு, அதாவது விடியற்காலை ஆள்கணக்கெடுப்புக்கு, எழுந்து பழகிய தலைமுறைக்கு விடியல் ஒரு பாரமே அன்று. 551 படிகள் கொண்ட குவிமாடத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

சிறிய ஆலயங்கள் பல நண்பகலில் மூடிவிடுவதால், சான் லூயிஜிக்கு முற்பகலிலேயே சென்றுவிடுவது நல்லது. அங்கே இருண்ட சிற்றாலயத்தில் ஒரு நாணயத்தைப் பெட்டியில் போட்டதும் விளக்கெரிந்து, ஓவியர் கரவாஜியோ தீட்டிய புனித மத்தேயுவின் முகம் தெரிந்தபோது அம்மா கைகூப்பினார்.

பகலில் மூடாத மஜோரேயைப் பிற்பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 2025இல் திருத்தந்தை பிரான்சிஸ் அங்கே அடக்கம் செய்யப்பட்ட பிறகு கூட்டம் மிகுந்திருப்பதால், அதற்குமுன் அம்மா சற்று ஓய்வெடுக்கட்டும். தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்திச் செல்லுங்கள். அம்மாவுக்குச் சேலையே போதும்.