அப்பாவுக்கு என்ன தேவை என்பதை யார் முடிவுசெய்வது?

கேள்வி: 74 வயதான என் அப்பாவுக்குப் பக்கவாதம். வலது கை, கால் இயங்கவில்லை, பேச்சும் குழறுகிறது. 70 வயது அம்மாதான் பார்த்துக்கொள்கிறார். நல்ல சம்பளம் வாங்கும் அண்ணன் மாதம் 2,000 ரூபாய் அனுப்பிவிட்டு, ‘இதற்கு மேல் என்ன தேவை?’ என்கிறார். என்ன செய்யலாம்?
– வாசகி, மதுரை மாவட்டம்

பதில்: தேவையை முடிவுசெய்வது உங்கள் அண்ணன் அல்ல. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007-இன்படி அது தீர்ப்பாயத்தின் வேலை. தமிழ்நாட்டில் அதன் தலைவரான வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்க வேண்டும். பெற்றோர் இயல்பான வாழ்க்கை நடத்தத் தேவையானதைப் பிள்ளைகள் செய்தாக வேண்டும் என்கிறது பிரிவு 4. மருத்துவச் செலவும் பராமரிப்பில் சேர்த்தி.

ஆனால் பலர் ‘பெற்று வளர்த்தோம், கைவிட்டுவிட்டான்’ என்று இரண்டு பக்கம் எழுதிவிட்டு, தேவையை இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். கோட்டாட்சியருக்கு வேண்டியது கணக்கு. அப்பாவைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போக எத்தனை பேர் வேண்டும், படுக்கைப்புண் வராமலிருக்க இரவில் எத்தனை முறை புரட்டிப் படுக்கவைக்கிறீர்கள், டயப்பர் எத்தனை, பிசியோதெரபிக்கு எவ்வளவு என்று ஒரு வாரம் நோட்டில் குறியுங்கள். ரசீதுகளையும் மருத்துவர் சான்றையும் இணையுங்கள். அம்மாவின் உடல்நிலையையும் விடாதீர்கள். அவரும் தன் பெயரில் மனு கொடுக்கலாம். அப்பாவால் முடியாதபோது, அவர் அதிகாரம் அளித்தவர் மனு செய்யலாம். உத்தரவு வரும்வரை செலவுக்கான இடைக்காலத் தொகையையும் சேர்த்தே கேளுங்கள். அண்ணனுக்கு நோட்டீஸ் சேர்ந்த 90 நாட்களுக்குள் தீர்ப்பாயம் மனுவை முடிக்க வேண்டும். மிக அரிதாக 30 நாட்கள் நீட்டிப்பார்கள்.

மாதத்தொகைக்கு உச்சவரம்பு 10,000 ரூபாய். இரவும் பகலும் ஆள் வைத்தால் அது எந்த மூலைக்கு? அதனால் அரசு தருவதையும் கேட்டு வாங்குங்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வரும்; ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். ஊனம் 40 சதவீதத்துக்குக் குறையாமல் சான்று கிடைத்தால், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் பிரிவு 38-இன்படி கூடுதல் ஆதரவு தேவை என்று விண்ணப்பிக்கலாம். மதிப்பீட்டு வாரியம் அதைப் பரிசீலிக்கும். முதியோர் உதவி எண் 14567.

உங்களுக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தச் சட்டத்தில் மகன், மகள் என்ற பேதம் இல்லை. உங்களையும் வழக்கில் சேர்க்கும்படி அண்ணன் கேட்கலாம். உங்கள் வருமான விவரத்தையும், இதுவரை நீங்கள் செய்த செலவுக்கான ரசீதுகளையும் கையோடு எடுத்துப்போங்கள்.