தினமும் விண்ணப்பிக்கிறேன், ஒரு போன்கூட வரவில்லை

கேள்வி: பி.காம். முடித்துவிட்டு இரண்டு வருடமாக சிவகாசியில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கோவையிலோ சென்னையிலோ ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் வேலைக்குப் போக ஆசை. தினமும் ராத்திரி உட்கார்ந்து நௌக்ரி, லிங்க்ட்இன் என்று கண்ணில் பட்ட வேலைக்கெல்லாம் விண்ணப்பிக்கிறேன். 'வேண்டாம்' என்றுகூட யாரும் பதில் போடுவதில்லை. எனக்குத் தகுதியே இல்லையோ என்று தோன்றுகிறது. ரெஸ்யூமேயை இணைத்திருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சிவகாசி)

பதில்: தகுதி நிறையவே இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் அது உங்கள் ரெஸ்யூமேயின் இரண்டாம் பக்கத்தில், அடியில், 'அக்கவுண்ட்ஸ் வேலைகளைக் கவனித்தேன்' என்று ஒரே வரியில் கிடக்கிறது. முதல் பக்கம் முழுக்க 'பெயர்பெற்ற நிறுவனத்தில் சவாலான பணி தேடுகிறேன்' என்ற பழைய வாசகம், பத்தாம் வகுப்பு மதிப்பெண், அப்பா பெயர், மதம், பொழுதுபோக்கு. இதை வைத்து யார் உங்களைக் கூப்பிடுவார்கள்?

ஆள் எடுப்பவர்கள் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் உங்களுக்கே புரியும். ஒரு வேலைக்கு விளம்பரம் போட்டால் விண்ணப்பங்கள் வந்து குவிகின்றன, எல்லாவற்றையும் திறந்து படிக்க எச்.ஆருக்கு நேரம் கிடையாது. அதனால் பல சமயம் அவரே நௌக்ரியின் ரெஸ்யூமே கிடங்கான ரெஸ்டெக்ஸுக்குள் போய் ஆள் தேடுகிறார். டேலி (கணக்கு எழுதும் சாஃப்ட்வேர்), ஜிஎஸ்டி, டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வரி) என்று அடித்து, ஊர், எத்தனை வருட அனுபவம், நோட்டீஸ் பீரியட் (ராஜினாமா கொடுத்தபின் எத்தனை நாளில் விடுவிப்பார்கள் என்பது), சமீபத்தில் தளத்துக்கு வந்து போனவர்களா என்று ஒவ்வொன்றாக வடிகட்டுவார். உங்கள் ப்ரொஃபைலில் அந்த வார்த்தைகள் இல்லை, ஊர் சிவகாசி என்று மட்டும் இருக்கிறது, நோட்டீஸ் பீரியட் காலி. அப்புறம் எப்படி அவர் திரையில் உங்கள் பெயர் வரும்? உங்களை யாரும் பார்த்துவிட்டு ஒதுக்கவில்லை, பெரும்பாலும் பார்க்கவே இல்லை. இதற்காக உங்களையே குறைவாக நினைக்காதீர்கள்.

சரி, என்ன எழுதுவது? உங்கள் மாதத்தை எழுதுங்கள். 7-ஆம் தேதிக்குள் டிடிஎஸ் கட்டுகிறீர்கள், 11-க்குள் விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1, 14-ஆம் தேதி கொள்முதல் வரிப் பட்டியலான 2பி வந்ததும் பர்ச்சேஸ் பில்களோடு ஒத்துப் பார்க்கிறீர்கள், 20-க்குள் வரி கட்டும் ரிட்டர்னான 3பி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை டிடிஎஸ் ரிட்டர்ன். நடுவில் பேங்க் ரீகன்சிலியேஷன் (பேங்க் கணக்கை நம் கணக்கோடு ஒத்துப் பார்ப்பது). அச்சகம், பட்டாசு, தீப்பெட்டி என்று வெவ்வேறு தொழில்களின் கணக்குகள் உங்கள் கைவழியே போகின்றன. கோவையில் ஒரு பம்ப் கம்பெனியோ நூற்பாலையோ அக்கவுண்ட்ஸ் ஆள் தேடினால் இதே வேலைகளைத்தான் கேட்கப்போகிறது, நீங்கள் இவற்றில் எதையுமே எழுதவில்லை! எத்தனை கிளையன்ட் கணக்கு பார்க்கிறீர்கள் என்பதை எண்ணிப் போடுங்கள். மிகைப்படுத்திச் சொல்ல வேண்டாம், இன்டர்வியூவில் முதல் கேள்வி அங்கிருந்துதான் வரும்.

ப்ரொஃபைலின் தலைப்பு வரியில் 'பி.காம். பட்டதாரி' என்று போட்டிருக்கிறீர்கள். அதை 'அக்கவுண்ட்ஸ் எக்ஸிக்யூட்டிவ், 2 வருடம், டேலி பிரைம், ஜிஎஸ்டி ரிட்டர்ன், டிடிஎஸ், கோவை அல்லது சென்னைக்கு வரத் தயார்' என்று மாற்றுங்கள். விரும்பும் ஊர் என்ற இடத்தில் இரண்டு ஊர்களையும் நிரப்புங்கள். ஆடிட்டர் சார் எத்தனை நாளில் விடுவிப்பார் என்று ஒரு கணக்குப் போட்டு நோட்டீஸ் பீரியடையும் நிரப்புங்கள். ஜூலை ரிட்டர்ன் சீசன் நடுவில் விட்டுவிட்டு வர முடியாது என்றால் அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். லிங்க்ட்இன்னில் வேலை தேடுவதை ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் காட்டும் வசதி இருக்கிறது, அலுவலகத்தில் தெரியவேண்டாம் என்றால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

உங்கள் ரெஸ்யூமே பக்கத்தை நெடுக்காக இரண்டாகப் பிரித்து, கலர் பட்டையும் நட்சத்திரமுமாக இருக்கிறது. பார்க்க அழகுதான், ஆனால் நிறைய கம்பெனிகளில் அதை முதலில் படிப்பது ஒரு சாஃப்ட்வேர், இந்த மாதிரி வடிவம் என்றால் அது தடுமாறும். பிடிஎஃப்பைத் திறந்து மொத்தத்தையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். வரிகள் குழம்பி வந்தாலோ ஒன்றுமே வராவிட்டாலோ, சாதாரண வேர்டு ஃபைலில் பக்கத்தைப் பிரிக்காமல் திரும்ப அடித்துவிடுங்கள். மதம், அப்பா பெயர், கீழே உள்ள உறுதிமொழி எதுவும் தேவையில்லை. ஆதார் எண்ணைப் போட்டிருக்கிறீர்களே, அதை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

கண்ணில் பட்டதற்கெல்லாம் விண்ணப்பிப்பதை நிறுத்துங்கள். ரிசப்ஷனிஸ்ட், டேட்டா என்ட்ரி, எச்.ஆர். என்று எல்லாவற்றுக்கும் ஒரே ரெஸ்யூமே போனால் எதற்கும் பொருந்தாது. அன்றன்று புதிதாக வந்த அக்கவுண்ட்ஸ் வேலைகளில் நாலைந்தை எடுத்து, விளம்பரத்தில் அவர்கள் என்ன வார்த்தை போட்டிருக்கிறார்களோ (உங்களுக்கு உண்மையில் தெரிந்தவரை) அதே வார்த்தையை உங்கள் ரெஸ்யூமேயிலும் போட்டு அனுப்புங்கள். கூடவே அந்தக் கம்பெனியில் உங்கள் காலேஜ் சீனியர் யாராவது இருக்கிறாரா என்று லிங்க்ட்இன்னில் தேடுங்கள். 'அண்ணா, இந்த வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறேன், எச்.ஆரிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியுமா' என்று கேட்பதில் தப்பே இல்லை. உள்ளே இருக்கும் ஒருவர் உங்கள் பெயரைச் சொன்னால் ரெஸ்யூமேயைத் தேடி எடுத்துப் பார்ப்பார்கள். கூச்சப்பட்டு இதை விட்டுவிடாதீர்கள், எனக்குத் தெரிந்து இதைவிட வலுவான வழி வேறு கிடையாது. தமிழக அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையதளத்திலும் பதிவு செய்யுங்கள், கட்டணம் கிடையாது.

வேலை தருகிறேன் என்று பதிவுக் கட்டணம், லேப்டாப்புக்கு டெபாசிட், பயிற்சிக் கட்டணம் என்று யார் கேட்டாலும் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். போட்டுவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன் செய்யுங்கள்.

ஆடிட்டர் அலுவலகத்தில் பகல் முழுக்க போனை சைலன்ட்டில் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எச்.ஆர். கூப்பிடுவதும் அந்த நேரத்தில்தான், எடுக்காவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். மதியம் சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்து, தெரியாத எண் எதுவாக இருந்தாலும் திரும்பக் கூப்பிடுங்கள். இந்த மாற்றங்களைச் செய்துவிட்டுப் புது ரெஸ்யூமேயை எனக்கு அனுப்புங்கள், இன்னொரு முறை பார்த்துத் தருகிறேன்.