காந்தத்தை உள்ளே வையுங்கள்: உப்புநீர்க் குளம், கேள்வி-பதில்

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பழைய துரை பங்களாக்கள் ஹோம்ஸ்டே ஆனாலும் ஆயின, ஆளுக்கொரு உப்புநீர் நீச்சல் குளம், குளத்துக்கு ஓர் உலோக அருவி, அதாவது தகட்டு விளிம்பிலிருந்து குளத்துக்குள் தண்ணீர் கொட்டுகிற அமைப்பு. என் பட்டறைக்கு வந்த கேள்விகளில் பாதி, அருவிக்கு எந்த உலோகம் என்ற ஒரே கேள்விதான், அதனால் சேர்த்துப் பதில் சொல்லிவிடுகிறேன். படத்தை மட்டும் அனுப்பி "இது ஓகேவா அண்ணே?" என்று கேட்டவர்களுக்குப் பதில் கிடையாது. படத்தில் எல்லா ஸ்டெயின்லெஸ்ஸும் பளபளப்பாகத்தான் இருக்கும்.

குளத்தில் இருக்கும் உப்பு கடலில் பத்தில் ஒரு பங்குதானாம். அருவிக்கு 304 ரக ஸ்டெயின்லெஸ் போதாதா? (கூலிம் வாசகர்)

போதாது. லிட்டருக்கு 3, 4 கிராம் உப்பு, கடலில் 35, அந்தக் கணக்கு சரிதான். ஆனால் நீங்கள் குளத்தைப் பார்க்கிறீர்கள், அருவியின் உதட்டைப் பார்க்கவில்லை. இரவு பம்ப் நின்றதும் அங்கே தெறித்த துளி காய்கிறது, காலையில் நனைகிறது, மத்தியான வெயிலில் மறுபடி காய்கிறது, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. நாளாக ஆக அந்த விளிம்பில் தங்குகிற ஈரம் குளத்துத் தண்ணீரைவிடப் பல மடங்கு உப்பாக இருக்கும். 304 அங்கேதான் முதலில் துருப்புள்ளி விழும்.

அடுத்த ரகமான 316இல் உப்பைத் தாங்க வைக்கிற மாலிப்டினம் என்ற உலோகம் 2 சதவீதத்துக்கு மேல் உண்டு, 304இல் அது இல்லை, முக்கிய வித்தியாசம் அதுதான். உப்பில் இருக்கிற குளோரைடு லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை 304, 1000 வரை 316 என்று பொதுவாக ஒரு கணக்குச் சொல்வார்கள். உங்கள் குளத்தில் 2000க்குப் பக்கத்தில் இருக்கும். ஆக 316 கூட எல்லையைத் தாண்டித்தான் நிற்கிறது. வெல்டிங் இருக்கிற சாமான் என்றால் கார்பன் குறைந்த 316எல் வாங்குங்கள், மேல்பாகம் எவ்வளவு வழவழப்போ அவ்வளவு நல்லது, வாரம் ஒரு தடவை குழாய்த் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். பில்லில் 316எல் என்று எழுதி வாங்குங்கள்.

கடையில் காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. அப்படியென்றால் 316தானே? (பாகான் செராய் வாசகர்)

இந்தக் கேள்வியைக் கேட்காத மாதம் ஒன்று எனக்கு வரவேண்டும். சாவிக்கொத்தில் காந்தம் மாட்டிக்கொண்டு பட்டறைக்குள் வருகிறார்கள், இங்கே ஒட்டுகிறார்கள், அங்கே ஒட்டுகிறார்கள், பெரிய நிபுணர் மாதிரி தலையாட்டுகிறார்கள். காந்தம் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: உள்ளே படிக அமைப்பு எப்படி என்பது. துருப்பிடிக்குமா என்று அதற்குத் தெரியாது.

304இலும் ஒட்டாது, 316இலும் ஒட்டாது. இரண்டையும் பிரித்துக் காட்டாத சோதனை எதற்கு? அதைவிட மோசம், 201 என்று ஒரு ரகம் இருக்கிறது. நிக்கல் விலை அதிகம் என்று அதைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டிச் செய்வது. சமையலறை சாமானுக்கு எப்படியோ போகட்டும், உப்புத் தண்ணீருக்கு அது ஆகவே ஆகாது. அதிலும் காந்தம் ஒட்டாது! கடைக்காரர் "ஒட்டுதா பாருங்க, ஒட்டலையே" என்று சிரித்தபடி விற்பது பெரும்பாலும் இதைத்தான். மறுபக்கம் 2205 என்கிற டூப்ளெக்ஸ் (இரண்டு படிக அமைப்பு கலந்த) ரகம், 22 சதவீதம் குரோமியம், 3 சதவீதம் மாலிப்டினம், உப்பைத் தாங்குவதில் 316ஐத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். அதில் காந்தம் பச்சக்கென்று ஒட்டும். ஆக உங்கள் காந்தம் மட்டமான சரக்கைப் பாஸ் பண்ணி நல்ல சரக்கை ஃபெயில் ஆக்குகிறது. இது போதாதென்று நல்ல 304 தகட்டையே வளைத்தால் வளைவில் லேசாக ஒட்டும், உடனே "ஏமாத்திட்டான் அண்ணே" என்று போன்.

மாலிப்டினம் சோதனைத் திரவம் விற்கிறார்கள், ஒரு சொட்டு விட்டு சின்ன பேட்டரியைத் தொட்டால் 316இல் நிறம் மாறும், 304இல் மாறாது. பெரிய பழைய இரும்பு வியாபாரிகளிடம் உலோகத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று காட்டும் எக்ஸ்ரே துப்பாக்கி இருக்கும், ஈப்போ பக்கம் போகும்போது கெஞ்சிக் கேட்டால் ஒரு நிமிட வேலை. எதுவும் முடியாவிட்டால், தகடு என்ன ரகம் என்று அதைச் செய்த ஆலை தருகிற சான்றிதழைக் கேளுங்கள். தர மறுத்தால் வெளியே வாருங்கள். திரும்பவும் சொல்கிறேன், பில்லில் எழுதி வாங்குங்கள். வாயால் சொன்ன 316 வாசலோடு சரி.

பாட்டி வைத்துவிட்டுப் போன பித்தளை அண்டா இருக்கிறது. துளை போட்டு அதிலிருந்து குளத்துக்குள் தண்ணீர் வழிய விடலாமா ஐயா? (தெலுக் இந்தான் வாசகி)

வேண்டாம்மா. அண்டாவும் கெடும், குளமும் கெடும். உப்பும் குளோரினும் சேர்ந்தால் பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து போய்விடும், மிச்சம் இருப்பது இளஞ்சிவப்பாக, தொட்டால் உதிர்கிற செம்பு. கரைந்த செம்பு குளத்துச் சுவரில் நீலப் பச்சைக் கறையாக உட்காரும். ரப்பர் ஃபேக்டரியில் வேலை பார்த்த பெரியவர்களைக் கேளுங்கள், ரப்பர் பால் படுகிற இடத்தில் செம்பும் பித்தளையும் ஆகாது, ரப்பர் கெட்டுப்போகும் என்பார்கள். காரணம் வேறு, எச்சரிக்கை ஒன்றுதான். ஆசை விடவில்லையென்றால் தோட்டத்து மூலையில் தனி பம்ப், தனி நல்ல தண்ணீர் வைத்து அண்டாவை ஓட விடுங்கள். குளத்துத் தண்ணீர் அதில் படக்கூடாது.

அருவியில் தேத்தண்ணி நிறத்தில் கறை. கம்பி நார் போட்டுத் தேய்த்தேன், போனது, ஆனால் பத்து நாளில் இன்னும் அதிகமாக வந்துவிட்டது. (பகாவ் வாசகர்)

வராமல்? கம்பி நாரின் இரும்புத் துகளை நீங்களே தேய்த்து உள்ளே ஏற்றிவிட்டீர்கள், இப்போது துருப்பிடிப்பது அதுவும் சேர்ந்து. சிட்ரிக் அமிலக் கரைசல், நைலான் பிரஷ், தகட்டின் கோடு எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கமாகவே தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். குளோராக்ஸ் மாதிரி பிளீச் எதுவும் வேண்டாம். கறை வெல்டிங் ஓரத்தில் மட்டும் வரிசையாக இருந்தால் குற்றம் வெல்டருடையது: ஆர்கன் வெல்டிங் முடிந்து அந்த நீல, பழுப்பு வண்ணத்தை அமிலப் பசை போட்டு எடுக்காமல் விட்டிருப்பார். செம்பனை ஆலையில் நீராவிக் குழாய் ஒட்டுகிறவர் நல்ல கைக்காரராக இருக்கலாம், ஆனால் கறுப்பு இரும்பு தேய்த்த அதே பிரஷ்ஷையும் கிரைண்டர் தட்டையும் இதிலும் போட்டால் முடிந்தது.

டைட்டேனியம் நல்லதா?

மிக நல்லது, குளத்து உப்பிலிருந்து குளோரின் எடுக்கிற குளோரினேட்டருக்குள் இருக்கிற தகடே அதுதான். பணம் இருந்தால் வாங்குங்கள், ஆனால் உடைந்தால் ஒட்ட நம் ஊரில் ஆள் தேடவேண்டும்.

கறுப்பு கோட்டிங் போட்ட ஸ்பவுட் (தண்ணீர் கொட்டும் வாய்) பிடித்திருக்கிறது, எடுக்கலாமா?

கோட்டிங்குக்கு அடியில் என்ன உலோகம்? அதை எழுதவில்லையே. 316எல் என்றால் எடுங்கள், அலுமினியம் என்றால் முதல் கீறலோடு கொப்புளம் கிளம்பும்.

316 தகடுதான், ஆனால் ஸ்க்ரூ மட்டும் கால்வனைஸ்டு (துத்தநாகம் பூசிய இரும்பு). பரவாயில்லையா?

பரவாயில்லை என்று யார் சொன்னது? பெரிய ஸ்டெயின்லெஸ் தகடு, சின்னக் கால்வனைஸ்டு ஸ்க்ரூ, நடுவில் உப்புத் தண்ணீர்: ஸ்க்ரூவைத் தகடு தின்றுவிடும். ஸ்க்ரூவும் 316. அதையும் பில்லில் எழுதி வாங்குங்கள்.

கூரை போட்ட குளம். கூரையிலிருந்து ஸ்டெயின்லெஸ் கம்பியில் அருவிப் பெட்டியைத் தொங்கவிட நினைக்கிறேன். (குளுவாங் வாசகர்)

தயவுசெய்து செய்யாதீர்கள். சுவிட்சர்லாந்தில் உஸ்டர் என்ற ஊரில் 1985இல் உள்ளரங்கக் குளத்தின் கான்கிரீட் உட்கூரை விழுந்து 12 பேர் செத்தார்கள், அதைத் தாங்கியவை ஸ்டெயின்லெஸ் கம்பிகள். மூடிய குளத்தில் எழும் குளோரின் ஆவி, யாரும் கழுவாத உயரம், கம்பியில் நிற்கிற இழுவிசை மூன்றும் சேர்ந்தால் மேலே பெரிதாகத் துருவே தெரியாமல் உள்ளே விரிசல் ஓடும். இந்த இடத்தில் 316ஐயும் நம்பக்கூடாது, மாலிப்டினம் 6 சதவீதம் உள்ள உயர்ந்த ரகங்களைத்தான் எஞ்சினியர்கள் போடுகிறார்கள். பெட்டியைத் தரையில் தூண் கட்டி நிறுத்துங்கள், அவ்வளவுதான்.

அருவி செய்ய எவ்வளவு ஆகும் அண்ணே?

அகலம்? கனம்? பம்ப் என்ன? தம்பி, அளவு இல்லாமல் விலை இல்லை. 304ஐவிட 316 தோராயமாக அரை மடங்கு கூட, இப்போதைக்கு அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அருவிக்கு எர்த் கொடுக்க வேண்டுமா?

கட்டாயம். பதிவு பெற்ற ஒயர்மேனைக் கூப்பிடுங்கள், நான் அந்த வேலையைத் தொடமாட்டேன்.

பம்ப் அறையில் இருக்கிற சாமான் எல்லாம் துரு, தண்ணீரே படாத ஸ்டெயின்லெஸ் கைப்பிடிகூட. ஏன்? (லூனாஸ் வாசகர்)

ஆசிட் கேனை அங்கேதானே வைத்திருக்கிறீர்கள்? குளோரினேட்டர் ஓடினால் பிஎச் ஏறும், அதை 7.2க்கும் 7.6க்கும் நடுவில் வைக்க ஹைட்ரோகுளோரிக் ஆசிட் வாங்குவீர்கள், மூடியைச் சரியாகத் திருகமாட்டீர்கள், புகை அறை முழுக்க நிற்கும். கேனை வெளியே, காற்றோட்டமான நிழலில், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள், குளோரின் பொடி பக்கத்தில் மட்டும் வைத்துவிடாதீர்கள். அப்புறம் அந்தக் கைப்பிடியை நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.