பெரியண்ணன் எந்தக் கட்சி?

கேள்வி: '1984' எழுதிய ஜார்ஜ் ஆர்வெல் கம்யூனிசத்தைக் கிழித்துத் தொங்கவிட்டவர், அதனால் வலதுசாரி என்கிறான் என் அறைத் தோழன். இல்லை, அவர் சோஷலிஸ்ட் என்கிறேன் நான். தீர்ப்பு சொல்லுங்கள். (கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

பதில்: டீ வாங்கித் தர வேண்டியது உங்கள் தோழன்தான். ஆனால் அவரிடமும் ஒரு துருப்புச்சீட்டு இருக்கிறது, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

ஆர்வெலின் இயற்பெயர் எரிக் பிளேர். 1903-ல் பீகாரின் மோதிஹாரியில் பிறந்தவர். அப்பாவுக்கு வெள்ளைக்கார அரசின் அபினி இலாகாவில் உத்தியோகம். பர்மாவில் ஐந்து வருடம் போலீஸ் அதிகாரியாக இருந்து, ஏகாதிபத்தியம் என்றால் என்ன என்று லத்தி பிடித்த கையாலேயே தெரிந்துகொண்டு வேலையை விட்டார். 1936 கடைசியில், அரசுக்கு எதிராகக் கிளம்பிய தளபதி பிராங்கோவை எதிர்த்துச் சண்டை போட ஸ்பெயினுக்குப் போனார், தொண்டையில் குண்டு பாய்ந்தும் பிழைத்தார். இதுவரை எல்லாம் ஒழுங்கான இடதுசாரி ஜாதகம்தான். சிக்கல் என்னவென்றால், அங்கே அவர் சேர்ந்தது ஸ்டாலினை ஏற்காத ஒரு சின்ன மார்க்சியக் கட்சியின் படையில். மாஸ்கோ பேச்சைக் கேட்டு நடந்த கம்யூனிஸ்டுகள் அந்தக் கட்சியையே துரோகிக் கூட்டம் என்று முத்திரை குத்தி வேட்டையாடினார்கள், முன்னணியில் தன்னோடு பதுங்குகுழியில் கிடந்தவர்கள் பாசிஸ்ட் கைக்கூலிகளாகச் செய்தித்தாளில் வருவதை அவர் படிக்க வேண்டியிருந்தது. '1984'-ல் கதாநாயகன் வின்ஸ்டன் பழைய நாளிதழ்களைத் திருத்தித் திருத்தி எழுதுகிறானே, அந்த உத்தியோகத்தின் விதை அங்கே விழுந்தது என்றுதான் நினைக்கிறேன்.

1946-ல், தான் ஏன் எழுதுகிறேன் என்று ஒரு கட்டுரை எழுதினார். 1936-க்குப் பிறகு உருப்படியாக எழுதிய ஒவ்வொரு வரியும் சர்வாதிகாரத்தை எதிர்த்தும் ஜனநாயக சோஷலிசத்தை ஆதரித்தும் எழுதியதே என்கிறார் அதில். எதிர்த்தும் என்பதோடு வாக்கியத்தை வெட்டிவிட்டு மேற்கோள் காட்டுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நாவலில் ஆளும் கட்சியின் கொள்கைக்கே இங்கிலீஷ் சோஷலிசம் என்றுதான் பெயர், எனவே குழப்பம் நியாயமானது. இது சோஷலிசத்தின் மீதோ, நான் ஆதரிக்கிற தொழிற்கட்சியின் மீதோ தாக்குதல் இல்லை என்று 1949-லேயே அமெரிக்கத் தொழிற்சங்கக்காரர் ஒருவருக்கு அவர் எழுதியும் பார்த்தார். ஜூனில் புத்தகம் வந்தது, அடுத்த ஜனவரியில் ஆளே போய்விட்டார். அப்புறம் யார் வேண்டுமானாலும் சொந்தம் கொண்டாடலாம் இல்லையா?

கொண்டாடினார்கள். அவருடைய இன்னொரு நாவலான 'விலங்குப் பண்ணை' முடியும் இடம் நினைவிருக்கிறதா? பன்றிகளும் மனிதர்களும் ஒரே மேசையில் சீட்டாடுகிறார்கள், ஜன்னலுக்கு வெளியே நிற்கும் மற்ற மிருகங்களுக்கு எது பன்றி, எது மனிதன் என்று தெரியவில்லை. அதாவது புது முதலாளியும் பழைய முதலாளியும் ஒன்று. 1954-ல் சிஐஏ ரகசியமாகப் பணம் போட்டு எடுக்கவைத்த கார்ட்டூன் படத்தின் கடைசிக் காட்சியில் அந்த மனிதர்களே கிடையாது! பன்றிகள் மட்டும் இருக்கின்றன, மற்ற மிருகங்கள் அவற்றின் மீது பாய்கின்றன. எழுதியவர் வைத்த குத்தில் பாதியை உருவி எடுத்துவிட்டுத்தான் அவரைத் தங்கள் ஆளாக்க முடிந்தது.

சரி, துருப்புச்சீட்டு. 1949-ல் காசநோயோடு படுக்கையில் கிடந்தபோது, பிரிட்டிஷ் அரசின் ரகசியப் பிரச்சாரப் பிரிவில் வேலை பார்த்த தோழி ஒருவரிடம் 38 பேர் கொண்ட பட்டியல் ஒன்றைக் கொடுத்தார், கம்யூனிஸ்ட் சாய்வு உள்ளவர்கள், உங்கள் பிரச்சாரத்துக்கு எழுதவைக்க நம்ப வேண்டாம் என்று. யாரையும் ஜெயிலில் போடச் சொல்லவில்லைதான். இருந்தாலும் '1984'-ல் எல்லோரையும் கண்காணிக்கும் பெரியண்ணனைப் படைத்த கை பட்டியல் எழுதியது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. அதற்காக அவரை வலதுசாரி ஆக்க முடியாது. இடதுசாரிகள் ஒருவரைப் பற்றி ஒருவர் எழுதிய பட்டியல்கள் உலகத்தில் குறைவா என்ன?

கேள்வி: ஆர்வெலா, ஆல்டஸ் ஹக்ஸ்லியா? யார் சொன்னது பலித்தது? (வாசகி, சேலம்)

பதில்: இந்தப் போட்டியை ஆரம்பித்துவைத்தவரே ஹக்ஸ்லிதான். ஈட்டன் பள்ளியில் ஆர்வெலுக்குக் கொஞ்ச காலம் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தவர் அவர். '1984' வந்த சில மாதங்களில் பழைய மாணவருக்குப் பாராட்டுக் கடிதம் எழுதி, அதிலேயே நைசாக, முகத்தில் பூட்ஸ் காலால் மிதிப்பதைவிட மனிதர்கள் தங்கள் அடிமைத்தனத்தைத் தாங்களே விரும்பும்படி செய்வதுதான் ஆட்சியாளர்களுக்குச் சுலபம் என்று தன் கட்சியையும் சொல்லிவிட்டார்.

ஹக்ஸ்லியின் அரசியல் இன்னும் வழுக்கும். 1932-ல் வந்த 'பிரேவ் நியூ வேர்ல்டு' என்ற அவர் நாவலில் கடவுள் இடத்தில் இருப்பவர் கார் கம்பெனி ஃபோர்டு. பாத்திரங்களுக்கோ மார்க்ஸ், லெனினா என்று பெயர். எந்தப் பக்கம் என்று கேட்டால் இரண்டு பக்கமும் உதை. அப்படிக் கிண்டலடித்த அமெரிக்காவிலேயே 1937-ல் குடியேறி, கலிபோர்னியாவில் ஜே. கிருஷ்ணமூர்த்தியோடு நடைபோய்க்கொண்டு, 1963-ல் சாகும்வரை அங்கேயே இருந்தார். அந்த நாவலுக்கு 1946-ல் எழுதிய முன்னுரையில், கதாநாயகனுக்குப் பைத்தியக்கார உலகம், காட்டுமிராண்டி வாழ்க்கை என்று இரண்டே வழி வைத்தது தப்பு, அதிகாரத்தைப் பரவலாக்கிய கூட்டுறவுச் சமூகம் என்று மூன்றாவது ஒன்றை வைத்திருக்கலாம் என்கிறார். வலதுசாரி பேசுகிற பேச்சா இது?

பலித்தது யாருடையது என்பது எங்கே உட்கார்ந்து கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வசதியான ஊர்களில் கேட்டால் ஹக்ஸ்லி என்பார்கள். போலந்துக் கவிஞர் செஸ்வாவ் மிவோஷ் 1953-ல் எழுதியது வேறு: ரஷ்யாவில் வாழவே வாழாத ஆர்வெலுக்கு எங்கள் வாழ்க்கை இவ்வளவு துல்லியமாக எப்படித் தெரிந்தது என்று கட்சிக்காரர்களே வியந்தார்களாம்.

கேள்வி: இந்த இருவருக்கும் முன்னோடி ஒரு ரஷ்யர் என்கிறார்களே? (வாசகர், வேலூர்)

பதில்: யெவ்கெனி ஜாமியாத்தின். 1920-21 வாக்கில் எழுதிய அவர் நாவலில் மனிதர்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான்; வீடுகள் கண்ணாடி; திரையை இறக்கக்கூட அனுமதிச் சீட்டு வேண்டும். ஸ்டாலினைக் கிண்டல் செய்த நாவல் என்று சிலர் எழுதுகிறார்கள், அப்போது ஸ்டாலின் ஆட்சிக்கே வரவில்லை. ஆசாமி கப்பல் பொறியாளர், இங்கிலாந்துக் கப்பல் பட்டறைகளில் ரஷ்யாவுக்காகப் பனியுடைக்கும் கப்பல்கள் கட்டுவதை மேற்பார்வை பார்த்தவர். அவருடைய கோபத்தில் தொழிற்சாலைக் கடிகாரத்துக்கும் பங்குண்டு. போல்ஷெவிக்காக இருந்ததற்கு ஜார் அரசு சிறையில் போட்டது, பிறகு ஆட்சியைப் பிடித்த போல்ஷெவிக்குகளும் அதே சிறையில் போட்டார்கள். நாவல் 1924-ல் ஆங்கிலத்தில் வந்தது, சோவியத் மண்ணில் 1988-ல்தான் அச்சானது. ஆர்வெல் 1946-ல் அதற்கு மதிப்புரை எழுதியிருக்கிறார், தன் நாவலைத் தொடங்குவதற்கு முன்பே படித்துவிட்டார் என்று அர்த்தம்.

தலைப்பு, ரஷ்ய மொழியில் 'மி'. ஆங்கிலக்காரர்களுக்குக் கவலையில்லை, 'வி' என்று போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். தமிழில் மாட்டிக்கொள்வோம்: நாங்களா, நாமா? 'நாங்கள்' என்றால் எதிரே இன்னொருவர் நிற்கிறார், அவர் நம்மில் சேர்த்தியில்லை. அந்த அரசாங்கம் அப்படி ஒருவரை வெளியே நிற்கவே விடாது. என் ஓட்டு 'நாம்'.