கோபத்தையும் மனத்தையும் அடக்க கீதையை எப்படி வாசிப்பது?

முதல் அத்தியாயத்திலிருந்து வரிசையாகப் போக வேண்டியதில்லை. இரண்டாம் அத்தியாயத்தின் 62, 63 சுலோகங்களில் தொடங்குங்கள். ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தால் பற்று, அதிலிருந்து ஆசை, ஆசையிலிருந்து கோபம், பிறகு மயக்கம், நினைவுத் தடுமாற்றம், புத்தி நாசம் என்று வீழ்ச்சியைப் படிப்படியாகச் சொல்லும் இடம் அது.

இரவில் அன்றைய கோபம் ஒன்றை எடுத்து, இந்தப் படிகளில் பின்னோக்கி ஏறிப் பாருங்கள். எந்த நினைப்பில் முளைத்தது என்று பிடிபடும். பலரும் கோபம் வந்த பிறகு அடக்கப் பார்த்துத் தோற்கிறார்கள். அது நான்காம் படி. முதல் படியான நினைப்பிலேயே திருப்புவது எவ்வளவோ எளிது.

திருப்பும் முறை 6:26-இல் இருக்கிறது: மனம் எங்கெங்கே ஓடுகிறதோ, அங்கங்கிருந்து மீட்டுக்கொண்டு வருவது. பத்து நிமிடத்தில் ஐம்பது முறை ஓடினாலும் கலங்காதீர்கள், மீட்பதுதான் பயிற்சியே. ஒன்று மட்டும்: பட்டினி கிடந்து இதைச் செய்யாதீர்கள். அளவுமீறி உண்பவனுக்கும் உண்ணாதவனுக்கும் யோகம் கைகூடாது என்கிறது 6:16.